வாட்டாத பீடி

உட்காருங்கக்கா. நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். பாயில உட்காருங்க. கையை நிறுத்தலையேன்னு தப்பா நினைக்காதீங்க. இலையை நனைச்சு வெட்டி வச்சாச்சு, இனி விட்டா காஞ்சு நொறுங்கிடும். மடியில தட்டு, தட்டுல புகையிலைத் தூள். எந்திரிச்சா அவ்வளவும் பறந்துடும். அதான் உட்கார்ந்தபடியே சொல்றேன், ஸ்தோத்திரம்க்கா.

ஏன் தட்டையே பார்க்கிறீங்கன்னு தெரியுது. திருநெல்வேலி சபை ஆபீசில இருந்து மாசப் பத்திரிகைக்கு எழுத வந்திருக்கீங்க. ‘பீடி சுத்துறதை விட்டுவிட்ட சகோதரி பியூலா’ன்னு என்னைப் பத்திப் போடப் போறீங்க. எங்க வீட்டுக்காரர் காலையிலேயே சொன்னார், நல்ல சேலையா கட்டிக்கோன்னு. கட்டித்தான் இருக்கேன், பாருங்க. சாயங்காலம் தெருமுக்குக் கூட்டம் ஆரம்பிச்ச பிறகுதான் நீங்க வருவீங்கன்னு சொன்னார். அதுக்குள்ள மிச்ச இலையைச் சுத்தி முடிச்சிடலாம்னு உட்கார்ந்தேன். கதவு தள்ளுற சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டுப் பேச்சி மதினின்னு நினைச்சு ‘வாங்க’ன்னுட்டேன். பார்த்தா நீங்க, பையும் பேனாவுமா.

இனி தட்டை எங்க கொண்டு ஒளிக்க? இருக்கட்டும்.

எனக்குப் பேச வராதுக்கா. அஞ்சாங்கிளாஸோட நிறுத்திட்டாங்க. வெளியாள் முன்னாடி வாயைத் திறந்தா நாக்கு மேலே ஒட்டிக்கிடும். அதனால சுருக்கமாச் சொல்லிடுறேன், கேட்டுக்கோங்க.

எங்க வீட்டுக்காரர் தனசிங் நல்லவர். அதுதான் சிக்கலே.

எனக்கு அவர் மாமா மகன். டவுசர் போட்டுத் திரிஞ்ச நாள்ல இருந்து தெரியும். மரக்கடையில வேலை பார்த்துட்டு இருந்தார். யாபேஸ் என் வயித்தில இருக்கும்போது ஒரு கூட்டத்துக்குப் போனார், ஊழியத்துக்கு அழைப்பு வந்துட்டுதுன்னு சொல்லி வேலையை விட்டுட்டு வந்தார். கர்த்தர் கூப்பிடும்போது வீட்டுக்காரியைக் கேட்டுட்டா கூப்பிடுவார்?

சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு. மத்த நாள்ல காலேஜ் விடுற நேரத்துக்குக் காலேஜ் வாசல். தோளில ஒரு ஸ்பீக்கர் பெட்டி, கையில மைக்கு. அந்தப் பெட்டி எனக்கு வந்த பீடி போனஸில வாங்கினது. அதுக்குள்ள இருந்துதான் ‘பீடி பிசாசின் விரல்!’னு சத்தம் வரும். எனக்கு அதில வருத்தம் ஒண்ணும் இல்லைக்கா. பெட்டி நல்ல பெட்டி. மழையில நனைஞ்சும் இன்னும் பாடுது.

ஆரம்பத்தில அவர் பீடியைப் பத்திப் பேசினதே இல்லை. வசனம்தான் சொல்லுவார். யாரும் நிற்க மாட்டாங்க. பஸ் வந்தா ஏறிடுவாங்க, வராட்டியும் தள்ளிப் போய் நிற்பாங்க. தெருவில பிரசங்கம் பண்றவருக்கு வசனம் மட்டும் போதாதுன்னு உங்களுக்குத் தெரியாததா? சாட்சி வேணும். முன்னே எப்படி இருந்தேன், இப்போ எப்படி ஆயிட்டேன்னு சொல்லணும். முன்னே ரொம்ப மோசமா இருந்திருந்தாத்தான் ஜனம் நின்னு கேட்கும்.

எபனேசர் பிரதர் இருக்கார்ல, அடுத்த ஊர்ல ஊழியம் செய்றவர், அவருக்குக் கன்னத்தில இவ்வளவு நீளத்துக்கு ஒரு தழும்பு. ‘அரிவாள் பாய்ந்த கன்னம்!’னு அதைத் தொட்டுக் காட்டினார்னா, டீ குடிச்சிட்டு இருக்கிறவன் கிளாஸைக் கீழே வச்சிடுவான். பொம்பளைங்க மூக்கைச் சிந்துவாங்க. அவங்க அம்மா என்கிட்ட சொன்னாங்க, சின்னப் பிள்ளையில பம்புசெட்டுத் தொட்டியில விழுந்த தழும்பாம். நான் யார்கிட்டேயும் சொன்னதில்லை. உங்ககிட்டதான் சொல்றேன். எழுதிடாதீங்க.

எங்க வீட்டுக்காரருக்கு ஒரு தழும்பு கூட இல்லை. அம்மைத் தழும்பு கூட இல்லை.

ஒருநாள் சோத்துத் தட்டு முன்னாடி உட்கார்ந்துட்டு, ‘ஏட்டி, நான் என்னதான் பாவம் செஞ்சிருக்கேன்?’னு கேட்டார். பாவமா இருந்தது.

‘நல்லா யோசிச்சுப் பாருங்க அத்தான்’னேன்.

‘பஸ்ஸில ஒருதரம் டிக்கெட் எடுக்கலை.’

‘கண்டக்டர் உங்ககிட்ட வரவே இல்லை. மறுநாள் அந்த பஸ்ஸைத் தேடிப் போய்க் கொடுத்துட்டு வந்தீங்க.’

‘சினிமா?’

‘போனீங்க. தூங்கிட்டீங்க.’

‘பொம்பளைங்க விஷயத்தில...?’

‘என்னையே நிமிர்ந்து பார்த்தது கல்யாணம் முடிஞ்சு மறுவாரம்தான்.’

முகம் அப்படியே வாடிப் போச்சு மனுஷனுக்கு. எனக்கே, இவரை ஒருநாளாவது கெட்டுப் போக விட்டிருக்கலாமேன்னு இருந்தது. அப்போதான் அவர் கண்ணு என் பீடித் தட்டு மேல விழுந்தது. விழுந்த கண்ணை எடுக்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில, ‘ஒரு நாளைக்கு நாலு கட்டு பீடி குடித்தவன் நான்! என் நெஞ்சு கரிச்சட்டியாய்க் கிடந்தது!’ன்னு ஆரம்பிச்சார். நான் அப்போ மாத்திரை வாங்க அந்தப் பக்கம் போயிருந்தேன். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அவர் வாழ்க்கையில ஒரே ஒருதரம் பீடி குடிச்சிருக்கார். அவங்க அக்கா கல்யாணத்தில, யாரோ கொடுத்தாங்கன்னு ஒரு இழுப்பு இழுத்து, மாப்பிள்ளை வேட்டி மேலேயே வாந்தி எடுத்தார். அதுதான் அவர் குடிச்ச பீடி. அதுவும் முழுசா இல்லை.

ஆனா ஜனம் நின்னுச்சுக்கா. நின்னு கேட்டுது. எனக்குத் தெரிஞ்ச பூக்காரி ஒருத்தி கையைப் பிடிச்சு, ‘இத்தனை நாளா அந்த நாத்தத்தோட எப்படித்தான் குடும்பம் நடத்தினியோ’ன்னாள். எங்க அம்மா கேள்விப்பட்டு வந்து, ‘பெத்தவள்கிட்டயே மறைச்சுட்டியேட்டி’ன்னு அழுதாங்க. நான் ‘ஆமா’ன்னேன். புருஷனைக் குடிக்காதவன்னு சொல்லிக் காட்டிக் கொடுக்க முடியுமா?

சாட்சி பிடிச்ச பிறகு வாளி வந்தது. யாபேஸைக் குளிப்பாட்டுற நீல வாளி. அதில, ‘உன் பாவத்தை இதில் போடு’ன்னு தாள் ஒட்டி எடுத்துட்டுப் போவார். பீடி குடிக்கிறவங்க அந்த இடத்திலேயே பீடிக்கட்டை அதில போட்டுட்டு மனந்திரும்பணும், அதுதான் யோசனை. முதல் நாள் வாளியில வேர்க்கடலைத் தொலியும், ஒரு பஸ் டிக்கெட்டும், எவனோ துப்பின வெத்தலை எச்சியும்தான் கிடந்தது. நான்தான் கழுவினேன். கழுவி, பிள்ளையைக் குளிப்பாட்டினேன்.

அதுக்குப் பிறகுதான் என் தட்டுல பீடி குறைய ஆரம்பிச்சது.

உங்களுக்கு எங்க தொழில் தெரியாதுல்ல? பீடிக் கடையில இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்பாங்க. அந்த எடைக்கு இவ்வளவு பீடின்னு திருப்பிக் கொண்டு போய்ப் போடணும். குறைஞ்சா நாம தூளை வித்துட்டோம்னுதான் நினைப்பாங்க. எனக்குக் குறைஞ்சது. ஒருதரம் இல்லை, அடுத்தடுத்துக் குறைஞ்சது. எலின்னு நினைச்சேன். கர்த்தர் மன்னிக்கட்டும், பேச்சி மதினியைக் கூட நினைச்சேன். ரெண்டு நாள் மதினிகிட்ட முகம் கொடுத்துப் பேசலை.

பீடிக் கடை அருணாசலம் அண்ணாச்சி பீடிக்கட்டுகளை எல்லாம் தட்டிப் பார்த்துட்டு, ‘பியூலா, இன்னொருதரம் குறைஞ்சா உனக்கு இலை கிடையாது. அட்டையைக் கொண்டாந்து வச்சிட்டுப் போயிரு’ன்னுட்டார். எல்லார் முன்னாடியும். எனக்குக் காதெல்லாம் சூடாயிட்டு.

பீடித் தொழிலாளின்னு அடையாளம் காட்டுற அந்த அட்டைதான்க்கா எல்லாம். அது இருந்தாத்தான் பீடித் தொழிலாளி ஆஸ்பத்திரியில மருந்து. அது இருந்தாத்தான் நாளைக்கு யாபேஸ் படிப்புக்கு உதவித்தொகை. என் பிள்ளை என்னை மாதிரி அஞ்சாங்கிளாஸோட நிற்கக் கூடாது. அவர் ஊழியத்தில கிடைக்கிறது ஸ்தோத்திரமும் ரெண்டு வாழைப்பழமும். அடுப்பு எரியுறது இந்தத் தட்டுல. நான் குறை சொல்லலை. இருக்கிறதைச் சொல்றேன்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை காலேஜ் வாசல்ல கூட்டம். குடும்பமா நின்னாத்தான் சாட்சிக்குப் பலம்னு எபனேசர் பிரதர் சொன்னாராம். அதனால இவர் என்னையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போனார். என் கையில வசனம் அச்சடிச்ச கைப்பிரதியைக் கொடுத்து, வர்ற பையன்களுக்கெல்லாம் கொடுன்னார். ஆம்பிளைப் பிள்ளைங்க கையில எப்படிக்கா கொடுக்க? நிறுத்தி வச்சிருந்த பைக் சீட்டு மேல ஒவ்வொண்ணா வச்சிட்டு வந்தேன். அன்னைக்குப் பைக்கெல்லாம் இரட்சிக்கப்பட்டிருக்கும்.

அவர் நாலு கட்டுச் சாட்சியை எடுத்தார். காலேஜ் பையன்க சும்மா இருப்பாங்களா?

‘நாலு கட்டா? சோறு எப்பம் பிரதர் தின்னீங்க?’

‘எங்க, ஒருக்க இருமிக் காட்டுங்க பிரதர்!’

இவர் நிஜமாவே இருமிக் காட்டினார். கை தட்டினாங்க. அது கேலின்னு இவருக்குப் புரியலை. சந்தோஷத்தில வாளியை முன்னாடி எடுத்து வச்சார். ‘பாருங்கள் வாலிபரே! போன வாரம் பஸ் ஸ்டாண்டில் மனந்திரும்பியவர்கள் எறிந்துவிட்டுப் போன பாவங்கள்!’னு சாய்ச்சுக் காட்டினார்.

வாளி நிறையப் பீடிக்கட்டு. நானும் வாயைப் பிளந்து ஸ்தோத்திரம் சொல்லிட்டேன்க்கா.

இசக்கிராஜான்னு ஒருத்தன், ஒல்லியா, பாக்கெட்டுல சீப்போட இருந்தான். பேரு பிறகுதான் தெரியும். அவன் வந்து ஒரு கட்டை எடுத்து மூக்குப் பக்கம் கொண்டு போனான்.

‘பிரதர், லேபிளைக் காணுமே?’

‘லேபிள் முக்கியமல்ல, தம்பி. இருதயம்தான் முக்கியம்.’

‘அது சரி பிரதர். ஆனா கடையில வாங்குன பீடின்னா வாட்டியிருப்பாங்க, லேபிள் ஒட்டியிருப்பாங்க. இது வாட்டாத பச்சைப் பீடில்லா? பத்த வச்சாலும் பிடிக்காது. எங்கம்மாவும்தான் சுத்துதா, எனக்குத் தெரியாதா? இது கடைக்கே போகல. எவளோ ஒருத்தி தட்டுல இருந்து நேரா வாளிக்கு வந்திருக்கு.’

‘ஏலே, ஆமால! எங்க வீட்லயும் இப்படித்தான் கிடக்கும்!’னான் இன்னொருத்தன். அந்தக் கூட்டத்தில பாதிப் பிள்ளைங்களுக்கு அம்மா பீடிதான் சுத்துறாங்க. அதை இவர் யோசிக்கலை பாருங்க.

‘எந்த வீட்டுல பிரதர் எடுத்தீங்க? அந்தச் சாட்சியையும் சொல்லுங்க, கேப்போம்!’

எனக்கு அப்போதான் உறைச்சது. எலி இல்லை.

தப்பா நினைக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். அத்தனை நாள் தேடியும் கிடைக்காத பாவம் அந்த நிமிஷம் அவர் கையில இருந்தது. திருட்டு. அதுவும் சொந்தப் பொண்டாட்டி தட்டுல. ‘ஆமா, திருடினேன்’னு மைக்கில சொல்லியிருந்தா காலேஜே அழுதிருக்கும். எபனேசர் பிரதர் தழும்பெல்லாம் அது பக்கத்தில நிற்குமா? செய்யாததை எல்லாம் பஸ் ஸ்டாண்டு கேட்கச் சொன்னவர், செஞ்ச ஒண்ணைச் சொல்லக் கூச்சப்பட்டுட்டு நின்னார்.

நான் பிள்ளையை இறக்கி விட்டுட்டு, வாளி பக்கத்தில குத்தவச்சு உட்கார்ந்து கட்டுகளை முந்தானையில பொறுக்கினேன். கோபத்தில எல்லாம் இல்லைக்கா. எனக்குக் கோபம் வராது. மறுநாள் கடைக்குப் போடணுமே, அதுக்காகத்தான்.

‘யாருல இந்த அக்கா?’ன்னு பையன்க கேட்டாங்க. எல்லாக் கண்ணும் என் மேல. எனக்குப் பூமிக்குள்ள போயிரலாம் போல இருந்தது. அந்த நேரம் பார்த்து இவருக்கு மூச்சு திரும்பி வந்துட்டு.

‘இவள்தான் என் மனைவியாகிய சகோதரி பியூலா! இந்தக் கைகள் சுற்றிய பாவத்தை இந்தக் கைகளே பொறுக்குகின்றன! இன்றோடு பீடியைத் தொடமாட்டேன் என்று என் மனைவியாகிய சகோதரி ஒப்புக்கொடுக்கிறாள்! அப்படித்தானே சகோதரி?’

ஒரு கட்டு உருண்டு பைக்குக்கு அடியில போயிருந்தது. அது எங்கேன்னு பார்க்கத் தலையைக் குனிஞ்சேன்.

அவ்வளவுதான். ‘தலையசைத்துவிட்டாள்! அல்லேலூயா!’

பையன்களும் விசிலடிச்சு அல்லேலூயா போட்டாங்க. எவனோ செல்லுல படம் பிடிச்சு அனுப்பி விட்டான். எங்க சபைப் பாஸ்டரய்யா பார்த்து, உங்க ஆபீஸ் பார்த்து, இப்போ நீங்க பேனாவோட வந்து உட்கார்ந்திருக்கீங்க. பீடியை விட்டதுக்காக எனக்குத் தையல் மெஷின் தரப் போறாங்களாமே? வேண்டாம்னு சொல்லிடுங்கக்கா. இந்தத் தெருவில ஏற்கெனவே மெஷின் வாங்கினவங்க எல்லாம் அது மேல டிவியை வச்சிருக்காங்க. எனக்கு டிவியும் இல்லை.

வீட்டுக்கு வர்ற வழியில, ‘அத்தான், என் கட்டை நீங்களா எடுத்தீங்க?’ன்னு கேட்டேன். ‘சகோதரி, பழசை எல்லாம் நினைக்கக் கூடாது’ன்னார். ‘பிள்ளை முன்னாடி என்ன சகோதரி?’ன்னேன். அதுக்கு மேல நான் ஒரு வார்த்தை கேட்கலை. குழம்புக்கு உப்புப் போடத்தான் மறந்துட்டேன். ஒரு வாரம் மறந்துட்டேன். அவரும் ஒரு வார்த்தை கேட்கலை.

அன்னையில இருந்து கதவைச் சாத்திட்டுத்தான் சுத்துறேன். அவருக்குத் தெரியுமான்னு கேட்கிறீங்களா? தெருமுக்குல வரும்போதே செருமுவார். ரொம்ப நேரம் செருமுவார். நான் தட்டைக் கட்டிலுக்கு அடியில தள்ளினதும் உள்ளே வருவார். வந்து, சோறு இருக்கான்னு கேட்பார். சோறு எப்படி இருக்குன்னு கேட்க மாட்டார். சேலையெல்லாம் தூள் வாசம் அடிக்கும், ‘கர்த்தர் நடத்துறார்’ம்பார். எனக்குச் சிரிப்பு வரும். நல்லவர்க்கா. செருமாமலே வந்திருந்தா நான் எங்க போய் நிற்பேன்?

அது அப்படியே ஓடியிருக்கும். ஆனா இன்னைக்குக் கூட்டத்தை எங்க தெருமுக்குலயே வச்சுட்டாங்க. நான் மைக்கில என் வாயால, விட்டுட்டேன்னு சொல்லணுமாம். எதிர்த்தாப்புலதான் அருணாசலம் அண்ணாச்சி கடை. மத்தியானம் தண்ணி பிடிக்கப் போகும்போது அவர் கூப்பிட்டு, ‘பியூலா, நீ சொல்லுததை நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன். விட்டுட்டேன்னு சொன்னா சந்தோஷம், காலையில அட்டையைக் கொண்டாந்துரு. உன் இடத்துக்கு ஆள் நிக்கி’ன்னார். விட்டுட்டேன்னு சொன்னா அட்டை போச்சு. விடலைன்னு சொன்னா எங்க வீட்டுக்காரர் ஊழியம் போச்சு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தலை காட்ட முடியாது. எனக்கானா பேசவே வராது.

‘ஹலோ, ஹலோ’ன்னு கேட்டுதா? அவர்தான். என் பெட்டிதான். இன்னும் பாட்டு இருக்கு, எபனேசர் பிரதர் கன்னம் இருக்கு, நேரம் இருக்கு. நீங்க எழுதுங்கக்கா. ஏன் பேனாவை மூடிட்டீங்க? எழுதாம எப்படி? நான் பொய்யா எதுவும் சொல்லலையே.

யாபேஸு, அதைத் தொடாதே! பார்த்தீங்களா, தட்டைக் கொஞ்சம் சாய்ச்சா வந்துடுவான். தூளை அள்ளி வாயில போட்டுடுவான், போன மாசம் அப்படித்தான் வாந்தி. அப்பனை மாதிரியே.

‘இப்பொழுது... என் மனைவியாகிய சகோதரி பியூலா... சாட்சி சொல்ல முன்னே வருவாள்! சகோதரி!’

ஐயோ, கன்னத்துக்கு முன்னாடியே என்னைக் கூப்பிட்டுட்டாங்களே! நீங்க பிள்ளையை இடுப்புல எடுத்துக்கோங்கக்கா. இல்லை, தட்டை இங்க வச்சிட்டுப் போக முடியாது, இன்னும் கொஞ்சம் இலை மிச்சம் இருக்கு. நான் கையிலேயே எடுத்துட்டு வர்றேன். பாட்டு நேரத்தில அங்க உட்கார்ந்து சுத்தி முடிச்சிடலாம்ல? அண்ணாச்சி பார்த்தா பார்த்துட்டுப் போறார்.

என்ன சொல்லப் போறேன்னா கேட்கிறீங்க? எனக்கு என்னக்கா சாட்சி சொல்லத் தெரியும்? மைக்கைக் கையில வாங்கி, எல்லாருக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிட்டு, ‘அத்தான், நாளைக்குக் கடைக்குப் போட இன்னும் ரெண்டு கட்டு குறையுது, நீங்க என் தட்டுல இருந்து எடுத்ததில மிச்சத்தை’ன்னு ஆரம்பிச்சு...

‘சகோதரி பியூலா!’

இதோ வந்துட்டேங்க! அப்படி ஆரம்பிச்சேன்னா அவரே மைக்கைப் பிடுங்கி, நிஜமா அவர் செஞ்ச ஒரே பாவத்தை அவர் வாயாலேயே சொல்லிடுவார்க்கா, ஜனமும் நின்னு கேட்கும், என் அட்டையும் தப்பிச்சிடும்.